இயற்பியல் பட்டத்தோடு பட்டறைக்குள்

பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர் மெக்கானிக்கல் என்ஜினியர் ஆகலாமா என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. அரசு விளம்பரங்களைப் பார்த்தால் பதில் 'முடியாது' என்பதுதான். டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் பதவியானாலும் மின்வாரியத்தின் உதவிப் பொறியாளர் பதவியானாலும், பி.இ. இல்லாத விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்தால் பதில் மாறுகிறது. இரும்புக்குள் ஒளிந்திருக்கும் விரிசலைத் தேடுகிறவர், மைக்ரான் கணக்கில் அளக்கிறவர், வெற்றிடக் கலத்தைப் பார்த்துக்கொள்கிறவர், வெப்பம் எந்த வழியாகப் போகிறது என்று கணினியில் கணக்கிடுகிறவர் எல்லாரும் செய்வது மெக்கானிக்கல் வேலைதான். அதற்கு வேண்டிய அடித்தளம் இயற்பியல் பாடத்தில் இருக்கிறது.

இந்த அத்தியாயம் காஞ்சிபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இயற்பியல் படிக்கிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஒரு பக்கம் பட்டுத் தறி. இன்னொரு பக்கம், வாலாஜாபாத் தாண்டினால் ஒரகடம், சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் என்று வரிசையாகத் தொழிற்பேட்டைகள். நடுவில் இருக்கும் பட்டதாரிக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அளக்கிற வேலை, சோதிக்கிற வேலை வழியாக உள்ளே போங்கள். வடிவமைப்பு பின்னால் வரட்டும்.

ஒரு காலத்தில் இந்தத் தாவலை யாரும் விசித்திரமாகப் பார்த்ததில்லை. சி. ராஜம் 1949இல் குரோம்பேட்டையில் தொடங்கிய எம்.ஐ.டி., அறிவியல் பட்டம் பெற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு பொறியியல் சொல்லிக்கொடுத்த இடம். அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டு அங்கே விமானப் பொறியியல் படித்தார். அதே கல்லூரியில் இயற்பியல் படித்து, அதே எம்.ஐ.டி.க்கு மின்னணுவியல் படிக்கப் போன இன்னொருவர் ரங்கராஜன். சுஜாதா என்றால் எல்லாருக்கும் தெரியும். அவர் கதை எழுதிய நேரம் போக, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரத்தின் பின்னால் நின்ற பொறியாளர். இஸ்ரோவின் தலைவராக இருந்த சதீஷ் தவான் கணிதமும் இயற்பியலும் படித்து, ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. வாங்கி, அதன் பிறகு மெக்கானிக்கல் என்ஜினியரிங் முடித்தவர். கால்டெக்கில் அவருக்கு வழிகாட்டிய ஹான்ஸ் லீப்மன் சூரிச்சில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர்; விமானவியல் பேராசிரியரானது அதற்குப் பின்னால்தான்.

எம்.ஐ.டி. 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. இன்று அங்கே பிளஸ் டூ முடித்தவர்கள்தான் பி.இ. சேர்கிறார்கள். அந்த நெடுஞ்சாலை மூடிவிட்டது. மிச்சம் இருப்பவை சந்துகள். எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்று தெரிந்துகொண்டுதான் காலை வைக்க வேண்டும்.

கையில் இருப்பது என்ன

முதலில் உங்கள் ஆய்வகப் பதிவேட்டை எடுங்கள். மதிப்பெண் வாங்கியதும் பரணில் போட்டுவிடுகிறோம். இன்டர்வியூவில் உங்களுக்காகப் பேசக்கூடியது அதுதான்.

சீரற்ற வளைவு முறையில் யங் குணகம் கண்டுபிடித்திருப்பீர்கள். அளவுகோலின் இரு முனையும் கத்தி முனைகளில் இருக்கும், நடுவில் எடை தொங்கும், ஊசி முனையை மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். அந்தச் சூத்திரத்தில் எடையும் ஈர்ப்பு முடுக்கமும் நீளத்தின் மும்மடியும் மேலே. நான்கு, அகலம், தடிமனின் மும்மடி, இறக்கம் எல்லாம் கீழே. மெக்கானிக்கல் மாணவர் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பாடத்தில் நடுச்சுமை தாங்கும் விட்டத்துக்கு ஒரு சூத்திரம் படிக்கிறார்: சுமை, நீளத்தின் மும்மடி, கீழே நாற்பத்தெட்டு, யங் குணகம், குறுக்குவெட்டின் நிலைமத் திருப்புத்திறன். செவ்வக வெட்டுக்கு அந்தத் திருப்புத்திறன் அகலம் பெருக்கல் தடிமனின் மும்மடி, வகுத்தல் பன்னிரண்டு. போட்டுச் சுருக்கிப் பாருங்கள், உங்கள் சூத்திரம்தான் வரும். நீங்கள் இறக்கத்தை அளந்து குணகத்தைக் கண்டீர்கள். அவர் குணகத்தை வைத்துக்கொண்டு, எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்கிறார். தடிமனை இரட்டிப்பாக்கினால் இறக்கம் எட்டில் ஒன்றாகும் என்பதை நீங்கள் இரண்டாம் ஆண்டிலேயே கையால் தொட்டுப் பார்த்தவர்.

முறுக்கு ஊசல் செய்திருந்தால், லாரியின் புரொபெல்லர் ஷாஃப்ட் எப்படி முறுக்கிக்கொள்கிறது என்பதற்கான விதி தெரியும். லீ வட்டு செய்திருந்தால் கேஸ்கெட், வெப்பக் காப்பு இவற்றின் கணக்கு தெரியும். நியூட்டன் வளையமும் காற்று ஆப்பும் செய்தவருக்கு இன்னொரு லாபம். அளவுக் கட்டைகளின் முகம் தட்டையாக இருக்கிறதா என்று சோதிக்க அளவியல் அறையில் ஒளித்தட்டு ஒன்றை மேலே வைத்துப் பட்டைகளைப் பார்ப்பார்கள். ஒரு பட்டை வளைந்து அடுத்ததைத் தொட்டால் அரை அலைநீளம் மேடு அல்லது பள்ளம். சோடியம் விளக்கானால் அது சுமார் 0.3 மைக்ரான். உங்கள் சோதனையே அங்கே வேறு பெயரில் நடக்கிறது.

இல்லாதது என்ன? டிராயிங். இயற்பியல் பட்டதாரி இன்டர்வியூவில் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுதான். ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்து, "இந்தத் துளை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?" என்று கேட்பார்கள். 25 மி.மீ., ஹெச்7 என்று எழுதியிருக்கும். விடை: 25.000 முதல் 25.021 வரை. அதற்குள் போகிற தண்டுக்கு ஜி6 என்றிருந்தால் 24.980 முதல் 24.993 வரை. ஆக இரண்டுக்கும் இடையே குறைந்தது 7 மைக்ரான், அதிகபட்சம் 41 மைக்ரான் இடைவெளி. இந்த அட்டவணையைப் பார்க்கப் பழக ஒரு வாரம் போதும். கோவை பி.எஸ்.ஜி. வெளியிடும் டிசைன் டேட்டா புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மெக்கானிக்கல் படித்த யாரிடம் கேட்டாலும் பழைய பிரதி ஒன்று கிடைக்கும். முதல் கோண வீழல், வெட்டுத் தோற்றம், மேற்பரப்புச் சொரசொரப்புக் குறி, வெல்டிங் குறி: இந்த நான்கையும் படிக்கத் தெரியாமல் எந்தத் தொழிற்சாலை வாசலுக்கும் போகாதீர்கள்.

டிராயிங் பழகக் காஞ்சிபுரத்துப் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ குழித்தறி இருக்கும். மிதியை மிதித்தால் விழுது எப்படி ஏறி இறங்குகிறது, ஜக்கார்டு பெட்டியில் ஒவ்வொரு அட்டையும் எந்தக் கொக்கியை விடுகிறது, எதைப் பிடிக்கிறது, படமரம் எப்படிச் சுற்றிக்கொள்கிறது: இவற்றை அளவெடுத்து மூன்று தோற்றத்தில் வரைந்து பாருங்கள். பிறகு ஃப்ரீகேட் மென்பொருளில் ஏற்றுங்கள், அது இலவசம். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம் என்பதால் மூன்று நாடா ஓட வேண்டும். மறுபக்கத்துக் கரை நாடாவைப் போட ஒரு ஆள் துணைக்கு உட்காருவது இந்த ஊர் வழக்கம். சேலையின் அகலத்துக்கு நடுவிலேயே இழைகள் ஒன்றையொன்று கோத்துத் திரும்புவதை விசைத்தறியில் ஏன் சுலபமாகச் செய்ய முடிவதில்லை என்று இரண்டு பக்கம் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் ஒரே மாதிரியாகப் போட்டுக்கொண்டு வரும் 'மினி புராஜெக்ட்'டைவிட, கேட்பவர் நிமிர்ந்து உட்காரக்கூடிய விஷயம் இது. தறியை அவமானமாக நினைத்து பயோடேட்டாவில் மறைக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

விரிசல் தேடும் வேலை

வைகாசியில் வரதர் தேர் வரும்போது சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை போடுகிறவரைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். மரச் சக்கரத்துக்குப் பதிலாக இரும்புச் சக்கரமும் அச்சும் பூட்டிய தேர்கள் தமிழ்நாட்டில் பல உண்டு; திருவாரூர் ஆழித்தேர் உட்படப் பலவற்றுக்கு அவற்றைச் செய்து கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். அப்படிப்பட்ட ஓர் அச்சுக்குள் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று அறுத்துப் பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கென்று ஒரு தனித் தொழிலே இருக்கிறது. சிதைக்காமல் சோதித்தல், தொழிற்சாலைப் பேச்சில் என்.டி.டி. இயற்பியல் பட்டதாரிக்கு மெக்கானிக்கல் உலகில் இதைவிடப் பொருத்தமான நுழைவிடம் எனக்குத் தெரிந்து இல்லை.

முறைகள் எல்லாம் நீங்கள் படித்தவை. மீயொலியை உள்ளே அனுப்பி எதிரொலி வரும் நேரத்தைப் பார்ப்பது ஒன்று. எக்ஸ் கதிரையோ காமா கதிரையோ பாய்ச்சி ஃபிலிமில் நிழல் பிடிப்பது ஒன்று. சுழல் மின்னோட்டம் தூண்டி, சுருளின் மின்மறுப்பு மாறுவதைப் பார்ப்பது ஒன்று. காந்தமாக்கி இரும்புத் தூளைத் தூவினால், காந்தப்புலம் கசியும் இடத்தில் தூள் குவியும். சாயம் தடவித் துடைத்தால் விரிசலுக்குள் புகுந்த சாயம் நுண்புழை ஏற்றத்தால் வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். கடைசிக்குப் பெனட்ரன்ட் சோதனை என்று பெயர். எல்லாப் பயிற்சி மையத்திலும் இதில்தான் ஆரம்பிப்பார்கள். மீயொலிச் சோதனையில் தேர்ந்தவருக்குத்தான் சந்தையில் மதிப்பு. காரணம், திரையில் எழும்பும் முள் விரிசலா, வெல்டிங்கின் வேர்ப்பகுதி வடிவம்தான் அப்படித் தெரிகிறதா என்று முடிவெடுக்க அலை எப்படி எதிரொலிக்கும், எங்கே முறைமாறும் என்பது உள்ளூரத் தெரிய வேண்டும்.

இதில் தகுதி லெவல் 1, 2, 3 என்று படிப்படியாக வரும். லெவல் 1 சொன்னபடி சோதிப்பார். லெவல் 2 முடிவைப் படித்துக் கையெழுத்திடுவார். லெவல் 3 சோதனை முறையையே எழுதிக்கொடுப்பார். நம் நாட்டில் இதற்கான சங்கம் ஐ.எஸ்.என்.டி.; அதன் தலைமையகம் சென்னையில்தான். அமெரிக்கச் சங்கமான ஏ.எஸ்.என்.டி.யின் பரிந்துரை நடைமுறையைப் பின்பற்றியும், ஐ.எஸ்.ஓ. 9712 தரத்தின்படியும் சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன. முதல் வகையில் சான்றளிப்பது உங்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம். அதனால் ஒரு பயிற்சி மையத்தில் மூன்று நாள் உட்கார்ந்து வாங்கிய 'லெவல் 2' காகிதம் மட்டும் சோறு போடாது. அனுபவ மணிநேரம் கணக்கில் வர வேண்டும். சேரும் முன், "உங்கள் சான்றிதழில் கையெழுத்திடும் லெவல் 3 யார், எந்த முறையில் அவருக்குத் தகுதி?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கதிர்வீச்சு முறைக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையம் வகுத்த ரேடியோகிராஃபி பயிற்சியும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளும் இல்லாமல் யாரும் மூலத்தைத் தொடக்கூடாது. பெரும்பாலும் பயன்படுவது இரிடியம்-192; அரை ஆயுள் 74 நாள். எத்தனை நாள் கழித்து கதிர் காட்டும் நேரத்தை எவ்வளவு கூட்ட வேண்டும் என்பது உங்களுக்கு வாய்ப்பாடு மாதிரி வரும். மற்றவர்கள் அட்டவணையைத் தேடுவார்கள். உடலில் படும் கதிர் அளவைப் பதியும் டி.எல்.டி. பட்டை மார்பில் குத்தியிருக்க வேண்டும். வாரியம் வைத்த உச்சவரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக்கூடாது. பட்டை தராத முதலாளியிடம் ஒரு ராத்திரிகூட வேலை செய்யாதீர்கள்.

இந்தத் தொழிலின் கஷ்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆலை நிறுத்தக் காலத்தில் வேலை குவியும், மற்ற நேரத்தில் இருக்காது. ராத்திரி வேலை அதிகம், ஏனென்றால் மற்றவர்களை அகற்றிவிட்டுத்தான் காமாக் கதிர் எடுக்க முடியும். கொதிகலன் உச்சியில் கயிறு கட்டிக்கொண்டு நிற்க வேண்டியும் வரும். முதல் இரண்டு மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் பலர். அதன் பிறகு வளைகுடா நாடுகளிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் நல்ல இடங்கள் திறக்கின்றன. மேலே படிக்க நினைப்பவர்கள், திருச்சி என்.ஐ.டி.யில் இயற்பியல் துறையே இந்தப் பொருளில் எம்.டெக். நடத்தி வந்திருப்பதைக் குறித்துக்கொள்ளலாம். பெல் வளாகத்துக்குள் 1975இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது.

அளவியல் அறை

இரண்டாவது நல்ல நுழைவிடம் இது. ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் கார், லாரி, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அவற்றுக்கு உதிரிபாகம் செய்துதரும் சிறு ஆலைகள் அவற்றைச் சுற்றி இருக்கின்றன. பெரிய நிறுவனத்தின் வாசலில் மட்டும் நிற்காமல் இந்தச் சிறு ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டு அறைகளைத் தேடுங்கள். அங்கே மூன்று அச்சு அளவீட்டு இயந்திரம் ஒன்று இருக்கும், சி.எம்.எம். என்பார்கள். அதை ஓட்டத் தெரிந்தவர் கிடைப்பார். அது தரும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லத் தெரிந்தவர் அரிது.

ஒரு கணக்கு பாருங்கள். உலகெங்கும் நீள அளவுக்கு ஒப்புநோக்கு வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் ஏறக்குறைய 11.5 மைக்ரான் விரியும். காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலில் 40 டிகிரி அடிக்கும் பட்டறையில் வைத்த 100 மி.மீ. எஃகுத் துண்டு 23 மைக்ரான் நீண்டிருக்கும். அந்த அளவில் ஹெச்7 துளைக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த வித்தியாசமே 35 மைக்ரான். குளிரூட்டிய அறைக்குள் கொண்டுவந்து ஆறவிடாமல் அளந்தால் நல்ல துண்டைக் கழிவில் போடுவோம், கழிவை வாடிக்கையாளருக்கு அனுப்புவோம். இதைத் தாளில் போட்டுக் காட்டத் தெரிந்தவரை எந்தத் தர மேலாளரும் வெளியே அனுப்பமாட்டார்.

அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் கேலிப்ரேஷன் ஆய்வகங்களும் இதே வகை. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் வாங்க ஐ.எஸ்.ஓ. 17025 தரத்தின்படி ஒவ்வோர் அளவுக்கும் நிச்சயமின்மைக் கணக்கு எழுத வேண்டும். நீங்கள் ஆய்வக நோட்டில் 'பிழைக் கணக்கு' என்று அலுத்துக்கொண்டே எழுதியதன் முழு வளர்ச்சி அது. சம்பளம் ஆரம்பத்தில் சொற்பம், ஆனால் கை வேகமாகத் தேறும்.

நம் ஊரிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. பட்டுச் சேலையின் ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று பார்க்க எக்ஸ் கதிர் ஒளிர்வு இயந்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். இழையின் மேல் எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வோர் உலோகமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி உமிழும். மோஸ்லே விதி தேர்வோடு முடிந்துபோகவில்லை, கூட்டுறவுச் சங்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறது.

சுற்றுவட்டாரத்தில் வேறு இரண்டு வகை ஆலைகளையும் கவனியுங்கள். பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் 2024 ஜனவரியில் திறந்த ஆலையில் கண்ணாடி மேல் மெல்லிய குறைகடத்திப் படலம் ஏற்றுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட்-கோபெய்ன் கண்ணாடி ஆலை இருக்கிறது. படலம், வெற்றிடம், உலை, ஆறவிடும்போது கண்ணாடிக்குள் தங்கும் தகைவு: இவற்றில் எது இயற்பியல், எது மெக்கானிக்கல் என்று கோடு போட முடியாது.

அரசு வேலைக்குப் போகும் வழி

கல்பாக்கம் இங்கிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்விடும் தூரம்தான். 1971இல் தொடங்கிய இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் அங்கே இருக்கிறது; பக்கத்திலேயே 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலை. அந்த உலையின் குளிர்விப்பான் திரவச் சோடியம். சோடியத்துக்குள் கண்ணால் எதையும் பார்க்க முடியாது என்பதால் மீயொலியை வைத்துப் 'பார்க்கும்' கருவியை அந்த மையம் உருவாக்கியிருக்கிறது. நான் மேலே சொன்ன சோதனைத் தொழிலின் உச்சி அதுதான்.

அணுசக்தித் துறை நிறுவனங்கள் உதவித்தொகையோடு கூடிய பயிற்சியாளர்களை எடுக்கும்போது, முதல் பிரிவில் டிப்ளமோ மெக்கானிக்கலோடு பி.எஸ்சி. இயற்பியலையும் ஏற்கின்றன. 60 சதவீதம் கட்டாயம். 59.8 வாங்கிவிட்டு வருந்துகிறவர்கள் உண்டு, ஆகவே முதல் பருவத்திலிருந்தே கவனம். வயது வரம்பு பொதுப் பிரிவில் 24, 25 என்று சீக்கிரம் முடிந்துவிடும். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்களுக்கு பாபா மையத்தின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்கே தேறினால் அறிவியல் அதிகாரி. இஸ்ரோ மையங்கள் அறிவியல் உதவியாளர் பதவிக்கு முதல் வகுப்பு பி.எஸ்சி.யைக் கேட்கின்றன.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று ரயில்வேயில் உண்டு. கெமிக்கல் அண்ட் மெட்டலர்ஜிகல் அசிஸ்டன்ட் என்ற பதவி. இயற்பியலும் வேதியியலும் படித்த பி.எஸ்சி. பட்டதாரியே அதற்கு விண்ணப்பிக்கலாம், 45 சதவீதம் போதும். உலோகம், எண்ணெய், ரப்பர் என்று ரயில் பெட்டிக்குள் போகும் பொருள்களைச் சோதிக்கும் வேலை. ஜூனியர் என்ஜினியர் அறிவிப்போடு சேர்ந்தே இதுவும் வரும். தலைப்பைப் பார்த்துவிட்டு நமக்கில்லை என்று மூடிவிடுகிறார்கள்.

மறுபடி படிக்க நினைப்பவர்களுக்கு

பி.இ. பட்டமே வேண்டும் என்றால் நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கை இருக்கிறது. டிப்ளமோ முடித்தவர்களோடு பி.எஸ்சி. பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம், பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும், பட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம் வேண்டும். முதலாண்டுப் பாடங்களில் என்ஜினியரிங் கிராஃபிக்ஸும் என்ஜினியரிங் மெக்கானிக்ஸும் கூடவே எழுதித் தேற வேண்டும். பி.எஸ்சி.யோடு சேர்த்து, பட்டம் வாங்க மொத்தம் ஆறு வருடம் ஆகும். உதவிப் பொறியாளர் வேலைதான் குறி என்பவர் இதைச் செய்யலாம். மற்றவர்கள் யோசிக்க வேண்டும்: 24 வயதில், வேலை அனுபவம் எதுவும் இல்லாமல், 21 வயதுப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்கப் போகிறீர்கள். வீட்டில் தறி வருமானத்தை நம்பித் தம்பி தங்கையும் படிக்கிறார்கள் என்றால் நான் இதைச் சொல்லமாட்டேன்.

எம்.எஸ்சி. முடித்து கேட் எழுதி எம்.டெக். போவது அதைவிட நல்ல வழி. இங்கே ஒரு நுணுக்கம். எல்லாரும் இயற்பியல் தாளைத்தான் எழுதுகிறார்கள். எக்ஸ்.இ. என்று ஒரு தாள் இருக்கிறது, என்ஜினியரிங் சயின்சஸ். பொறியியல் கணிதம் கட்டாயம். பிறகு பாய்ம இயக்கவியல், பொருளறிவியல், திண்ம இயக்கவியல், வெப்ப இயக்கவியல் போன்றவற்றில் ஏதாவது இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம். இயற்பியல்காரருக்கு வெப்ப இயக்கவியலும் பொருளறிவியலும் ஒத்துவரும். மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். வடிவமைப்பு, உற்பத்தி என்று மெக்கானிக்கலின் நடுப்பகுதியில் உள்ள எம்.டெக்.குகள் பி.இ. கேட்கும். பொருளறிவியல், ஒளியியல், லேசர், கிரையோஜெனிக்ஸ் போன்ற ஓரப்பகுதிகளில்தான் எம்.எஸ்சி.க்கு இடம். ஒவ்வொரு நிறுவனத்தின் தகுதிப் பட்டியலையும் வரி விடாமல் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஏ.எம்.ஐ.இ. தேர்வு எழுதினால் பி.இ.க்குச் சமம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் காலத்தில் அது உண்மை. 2013 மே 31க்குப் பிறகு பதிந்தவர்களுக்கு அந்தச் சமநிலை இல்லை.

கணினி வழிக் கணக்கீட்டில் ஆர்வம் உள்ளவர்கள் லட்சம் ரூபாய் கட்டி அன்சிஸ் பயிற்சிக்குப் போகும் முன், ஓப்பன்ஃபோம் என்ற இலவச மென்பொருளைத் தொட்டுப் பாருங்கள். ஐ.ஐ.டி. பாம்பேயின் ஃபாஸ்ஸி திட்டம் அதன் பயன்பாட்டைப் பரப்புகிறது. அங்கிருந்து வரும் ஸ்போக்கன் டுடோரியல்களில் தமிழும் உண்டு. வெப்பச் சமன்பாட்டை நீங்களே நிரலாக எழுதி, மென்பொருளின் விடையோடு ஒப்பிடுங்கள். பட்டனை அழுத்தத் தெரிந்தவர் ஏராளம், விடை தப்பு என்று கண்டுபிடிக்கிறவர் குறைவு.

முதல் வேலையும் காகிதங்களும்

பட்டதாரி அப்ரன்டிஸாகச் சேர இன்று பி.இ. கட்டாயமில்லை. 2014இல் சட்டம் திருத்தப்பட்டபின் மற்றப் பட்டதாரிகளுக்கும் இடம் உண்டு. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் தரமணியில் இருக்கிறது. நாட்ஸ் இணையதளத்தில் பதிய வேண்டும். 2019 விதிகளின்படி பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். நடப்புத் தொகையை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உற்பத்தி வரிசையைவிடத் தரக்கட்டுப்பாடு, கருவிப் பராமரிப்பு, ஆய்வகம் இவற்றில் எங்கே போடுவார்கள் என்று சேரும் முன்பே கேளுங்கள். 'டிரெய்னி' என்று எடுத்து ஒரு வருடம் முழுக்க ஒரே திருகை முடுக்க வைத்துவிட்டால் பயோடேட்டாவில் எழுத ஒன்றும் இருக்காது.

நியமனக் கடிதத்தில் மூன்று விஷயம் பாருங்கள்: கடிதம் தொழிற்சாலையின் பெயரிலா, ஒப்பந்ததாரர் பெயரிலா, பதவி என்ன, பி.எஃப். பிடிக்கிறார்களா. ஒப்பந்ததாரர் பெயரில் இருந்தால் அனுபவச் சான்றும் அவர் பெயரில்தான் வரும். அதனாலேயே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எத்தனை மாதம் என்று மனதுக்குள் ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள்.

கன்சல்டன்சி என்று சொல்லி முன்பணம் கேட்பவர்கள் பேருந்து நிலையச் சுவர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். எந்தப் பெரிய தொழிற்சாலையும் வேலைக்குப் பணம் வாங்குவதில்லை. கேட்டாலே திரும்பிவிடுங்கள். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கேட்டால் காட்டுங்கள், உங்கள் கண்ணெதிரே பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும். "ஆபீஸில் இருக்கட்டும், வேலையை விடும்போது தருகிறோம்" என்று யார் சொன்னாலும், எவ்வளவு நல்ல சம்பளமாக இருந்தாலும், ஜெராக்ஸை மட்டும் கொடுத்துவிட்டு மூலத்தைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.